பிறந்த திகதி ஒரு நாள் குறைவது ஏன்?

கேள்வி: அண்ணா, கொழும்பில் ஒரு கிளினிக்குக்கு நோயாளர் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிலருடைய பிறந்த திகதி மட்டும் ஒரு நாள் குறைந்து வருகிறது. 1999 ஜூன் 10 என்று பதிந்தால் அறிக்கையில் ஜூன் 9. ஆனால் 1985இல் பிறந்தவருக்கும் 2012இல் பிறந்த பிள்ளைக்கும் சரியாக இருக்கிறது. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் திகதியை யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிச் சேமிக்கிறது, சேவரில் ஐந்தரை மணித்தியாலம் கூட்டி எடுக்கிறேன். எங்கே பிழை?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, பிழை அந்த ஐந்தரையில்தான். வீட்டில் பெரியவர்களிடம் 'பழைய நேரம், புது நேரம்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். 1996இல் மழையில்லாமல் நீர்மின்சாரம் குறைந்து, மின்வெட்டு தாங்க முடியாமல் போனபோது, மே 25ஆம் திகதி நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதாவது யூடிசியை விட ஆறரை மணித்தியாலம். அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அதை ஆறாகக் குறைத்தார்கள். மறுபடி ஐந்தரைக்கு வந்தது 2006 ஏப்ரல் 15இல்தான்.

இது உங்கள் பிரவுசருக்குத் தெரியும், சேவரில் நீங்கள் எழுதிய கணக்குக்குத் தெரியாது. 1999 ஜூன் 10 நள்ளிரவு என்பது யூடிசியில் ஜூன் 9 மாலை 6 மணி, அதோடு ஐந்தரையைக் கூட்டினால் ஜூன் 9 இரவு பதினொன்றரை, அரை மணித்தியாலம் போதாமல் முழு நாளே போய்விடுகிறது. 1985க்கும் 2012க்கும் ஐந்தரை சரியான கணக்கு, அதனால்தான் அவை தப்பின.

உடனடி வழி, ஐந்தரையை எடுத்துவிட்டு 'ஏசியா/கொலம்போ' என்ற வலயப் பெயரைக் கொடுத்து வாசிப்பது. ஐயானா (IANA) என்ற இணைய அமைப்பு பராமரிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் இந்த மாற்றங்கள் எல்லாம் இருக்கின்றன. தயவுசெய்து எல்லாருக்கும் ஒரு நாளைக் கூட்டித் திருத்தப் போகாதீர்கள், சரியாக இருப்பவையும் கெட்டுவிடும். அவுஸ்திரேலியாவில் இருந்து உறவினர் யாராவது பதிந்து கொடுத்த திகதிகள் இருந்தால் அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும், அங்கே நள்ளிரவு நமக்கு முதல் நாள் மாலையோ இரவோ.

ஆனால் நிரந்தரத் தீர்வு வேறு. பிறந்த திகதிக்கு நேரமே தேவையில்லை, அது அடையாள அட்டையில் உள்ளதுபோல வெறும் ஆண்டு, மாதம், நாள். தரவுத்தளத்தில் அதை வெறும் 'டேட்' வகையாக வையுங்கள், யூடிசிக்கு மாற்றவே வேண்டாம். ஊசி போட்ட நேரம், பணம் கட்டிய நேரம் போல உண்மையில் ஒரு கணத்தில் நடந்தவைக்குத்தான் யூடிசி. ஒரு கிளினிக்கில் வயதை வைத்துத்தான் பிள்ளைகளின் தடுப்பூசித் திகதி கணக்கிடுகிறார்கள், அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

திருத்தியதும் 1996 மே 25ஐயும் 2006 ஏப்ரல் 15ஐயும் போட்டுச் சோதியுங்கள். முதல் நாளில் நள்ளிரவு 12 முதல் 1 மணி வரை இலங்கையில் இல்லவே இல்லை, மற்ற நாளில் முதல் அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. நேரத்தோடு திகதியைக் கணக்கிடும் நிரல்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

கேள்வி: லண்டன் கிளையோடு வாராந்தக் கூட்டம் ஏப்ரலில் ஒரு மணித்தியாலம் பிந்திக் காட்டுகிறதே?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. நமக்கு அந்த வழக்கம் இல்லை, அதனால் இடைவெளி ஐந்தரைக்கும் நாலரைக்கும் மாறும். வரப்போகும் கூட்டங்களை யூடிசியில் சேமிக்காமல் 'லண்டன் நேரம் காலை 9' என்றும் 'யூரோப்/லண்டன்' என்றும் சேமித்து, காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள்.