அமில மழையைத் தடுப்பதால் மருந்துத் தயாரிப்புக்கு என்ன நன்மை?

கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. மழைத்தண்ணீர் மாத்திரைக்குள் போய்விடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்தத் தண்ணீரானாலும் சுத்திகரித்துச் சோதித்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். அடி விழுவது மொட்டை மாடியில்.

வடசென்னைப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் வைட்டமின் மாத்திரை அங்கே தயாரானது. அந்த அறையில் ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாத்திரையிலுள்ள சிட்ரிக் அமிலமும் சோடா உப்பும் டம்ளருக்குக் காத்திராமல் அங்கேயே பொங்கத் தொடங்கிவிடும்.

ஓர் ஐப்பசியில் ஈரப்பதம் 30, 34 என்று ஏறியது. மாத்திரைகள் அச்சில் ஒட்டின. மூன்று பேட்ச் முடங்கியது. தரப் பிரிவினர் முதலில் மீட்டரைச் சந்தேகித்தார்கள், பிறகு என்னை. இரண்டாம் நாள் மாடியேறி, டக்ட் எனும் காற்றுக்குழாயின் மேல் ஊறிக் கிடந்த உறையைக் கிழித்துப் பார்த்தால், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு (ஜி.ஐ.) முழுக்க ஊசித் துளைகள். அறைக்காற்றைத் திரும்ப உறிஞ்சும் டக்ட் அது. மழைக்காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

துத்தநாகப் பூச்சின் மேல் படியும் கார்பனேட் படலம்தான் தகட்டுக்குக் கவசம். புகைபோக்கிகள் விடும் கந்தக டை ஆக்சைடு கலந்த மழை அதைக் கரைத்துவிடும். சுத்தமான மழையே பி.எச். 5.6 அளவில் லேசான அமிலம்தான்; இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். நான் பாத்திரத்தில் பிடித்த மழை 4.7 காட்டியது.

‘கடல் உப்புக்காற்றுதான் காரணம்’ என்று யாராவது வருவார்கள். அதற்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் முன்பு வேலை பார்த்த இடம் கடலுக்கு இன்னும் அருகில். சுற்றிலும் புகைபோக்கி கிடையாது. அதே தகடு இரண்டு மடங்கு காலம் உழைத்தது.

ஆக, புகையிலேயே கந்தகத்தைப் பிடித்துவிட்டால் டக்ட், கூரை, குளிர்விப்புக் கோபுரம் எல்லாம் நீடிக்கும், பேட்ச் முடங்காது. அனல் மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் கந்தக வரம்பு விதித்தார்கள். கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் பிடிக்கும் கருவி பொருத்துவதிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

பிறகு வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து அறிக்கை எழுதினார். அதிலிருந்த பதினோரு படங்களும் என் கைப்பேசியில் எடுத்தவை. டிப்ளமோக்காரன் பெயரை எங்கே போடுவார்கள்? அந்த ஆண்டு ஊதிய உயர்வும் எனக்கு நிறுத்தப்பட்டது, பராமரிப்புக் குறைபாடாம்.