கணக்கு வரவில்லையா, மொழி வரவில்லையா?

கேள்வி: டீச்சர், வேறு நாட்டுக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகனுக்கு 12 வயது. முன்பு கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனை இங்கே கீழ்ப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். விஞ்ஞானி ஆவேன் என்றவன் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நண்பர்களோடு ஆங்கிலத்தில் நன்றாகத்தான் பேசுகிறான். வீட்டில் தமிழ் பேசுவதையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: நிறுத்தாதீர்கள். மற்றதை ஆற அமரப் பேசலாம்.

குடிபெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கணக்கு நடத்தியவள் நான். ஒருமுறை பரீட்சையில் ‘பத்துக்கும் ஏழுக்கும் டிஃபரன்ஸ் என்ன?’ என்று கேட்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ‘பத்தில் இரண்டு இலக்கம், ஏழில் ஒன்று’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் தப்புப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. வித்தியாசம் கேட்டேன், சொல்லியிருக்கிறாள். இதில் என்ன தப்பு? மறுநாள் வெறும் எண்ணும் கழித்தல் குறியுமாகப் பத்துக் கணக்கு கொடுத்தேன். பேனாவைத் தொடாமலே விடை சொன்னாள்.

சொல் மட்டுமா, குறியும் மாறும். ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கும். நமக்கு ஆயிரத்து இருநூற்றைம்பதாகத் தெரியும் 1,250 அங்கே ஒன்றேகால்! வகுத்தலில் வகுக்கும் எண்ணைச் சில நாடுகளில் இடப்பக்கம் எழுதுவார்கள், பிரான்ஸில் வலப்பக்கம். பையன் பழைய பள்ளியில் படித்த முறையிலேயே போட்டு மதிப்பெண் இழக்கிறானா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

சரளமாகப் பேசுகிறானே என்கிறீர்கள். அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே பேச்சு மொழியையும் பாட மொழியையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டிலும் அரட்டையிலும் பழகும் மொழி இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்தின் மொழியில் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம். உங்கள் பையனுக்கு ஆனது ஒன்றரைதான்.

தமிழை விட வேண்டாம் என்பதும் இதனால்தான். பின்னங்களைக் கூட்டும்போது கீழ் எண்ணை ஏன் சமமாக்குகிறோம் என்று உங்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கிவிட்டானென்றால் கணக்கு உள்ளே இருக்கிறது. ஆங்கிலச் சொல்தான் பாக்கி.

எனக்குக் கவலை தருவது அந்தக் கீழ்ப் பிரிவு. அங்கே அல்ஜீப்ரா தள்ளிப் போனால், பொறியியலுக்கும் இயற்பியலுக்கும் கேட்கிற உயர்கணிதத்தைத் தொடுவதற்குள் பள்ளியே முடிந்துவிடும். பதினெட்டு வயதில் மூடும் கதவுக்கு இப்போதே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள், யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்றாலும். பழைய நோட்டுகளோடு பள்ளிக்குப் போங்கள். சொற்கள் குறைந்த தாளில் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். மேல் பிரிவுக்கு எப்போது, எதை வைத்து மாற்றுவார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். பையனையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையில் பாதியை முழுங்கிவிடுவான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்!

கேள்வி: 15 வயதில் இங்கே வந்த என் மகளுக்குப் பெரிய பல்கலைக்கழகம் கிடைக்காது போலிருக்கிறது. இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்தால் ஆராய்ச்சிக் கனவு அவ்வளவுதானா?
– ஒரு தகப்பன்

பதில்: 2025-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் ஒமர் யாகி. ஜோர்டானின் அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்து, உங்கள் மகளைப் போலவே 15 வயதில் அமெரிக்கா போனவர். ஹட்சன் வேலி சமூகக் கல்லூரி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் தொடங்கி, பிறகு ஆல்பனியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் வாங்கினார்.

நோபல் கிடக்கட்டும். சேரும் முன்பே, பின்னால் மாற நினைக்கும் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள்: இங்கே படிக்கிற எந்தெந்தப் பாடத்தை அங்கே ஏற்றுக்கொள்வீர்கள்? பட்டியல் கையில் கிடைத்த பிறகு பணம் கட்டுங்கள். ஆய்வகத்தோடு கூடிய வேதியியல், இயற்பியல் பாடங்களைத் தனியாக விசாரியுங்கள்.