இனிப்பைத் தவிர்த்தும் மாலை நொறுக்குத்தீனிக்குப் பின் சர்க்கரை ஏறுவது ஏன்?

இனிப்பைத் தொடுவதே இல்லை, மாலையில் சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் மட்டுமே சாப்பிடுகிறேன், ஆனாலும் இரவு உணவுக்கு முன் ரத்தச் சர்க்கரை கூடியிருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவன்தான், மருத்துவன் அல்லன்.

முதலில் அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் என்ன அச்சிட்டிருந்தாலும், மைதாவில் உள்ள மாவுச்சத்து செரித்தபின் குளுக்கோஸாகவே ரத்தத்தில் கலக்கிறது என்பதால், ஊட்டச்சத்து அட்டவணையில் நாம் பார்க்க வேண்டியது 'சர்க்கரை' என்ற வரியை அல்ல, 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற வரியையே. 100 கிராமுக்கு 70 கிராம் என்று போட்டிருந்தால், 30 கிராம் பிஸ்கட்டிலேயே 21 கிராம் வந்துவிடுகிறது. உணவியல் வல்லுநர்கள் பொதுவாக 15 கிராம் கார்போஹைட்ரேட்டை ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். இடைவேளை உணவுக்கு ஏறத்தாழ அந்த அளவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்த 15 கிராமை எதிலிருந்து பெறுகிறோம் என்பதும் முக்கியம். சிறிய ஆப்பிள் ஒன்றைத் தோலோடு, ஒரு கைப்பிடி நிலக்கடலையுடன் சாப்பிட்டால், நார்ச்சத்தும் புரதமும் கொழுப்பும் சேர்ந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் குளுக்கோஸ் மெதுவாகவே ஏறுகிறது. பழச்சாற்றில் இந்தத் தடை பெரும்பாலும் இல்லை. ஆனால் நிறைய பிஸ்கட்டுகளோடு கடலையையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஏற்றம் சற்றுத் தள்ளிப்போகுமே தவிர, மாவுச்சத்து குறைந்துவிடாது.

வேலை பார்த்துக்கொண்டே கொறிக்கும் பழக்கம் இன்னொரு சிக்கல். சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும் சர்க்கரை இறங்கத் தொடங்குவதற்குள் அடுத்த பிடி உள்ளே போய்விடுகிறது. ஒரு கிண்ணத்தில் அளந்து போட்டுக்கொண்டு, பொட்டலத்தை மூடி எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

எந்தத் தீனி உங்கள் உடலுக்கு ஒத்துப்போகிறது என்பதை அறிய, சாப்பிடும் முன்பும், முதல் வாய் உண்ட இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். கர்ப்பிணிகள் அல்லாத பெரியவர்களுக்குப் பொதுவான இலக்கு, உணவுக்குப் பின் 180 மி.கி.க்குக் கீழ், உங்களுக்கென மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதுவே சரி. பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலில் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டும்.

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போய்விட்டால் மட்டும் மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது கடலையும் சாக்லேட்டும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸை உடனே உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அடிக்கடி இப்படித் தாழ்ந்தால், தீனியைக் கூட்டிச் சமாளிக்காமல், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.