கண்டிப்பை யார் தலையில் கட்டினீர்கள்?

கேள்வி: இரண்டு வருடமாக யோகா செய்கிறேன். ஆசனத்தோடு நிற்காமல் யம நியமங்கள் என்கிற ஒழுக்க நெறிகளையும் கடைப்பிடிக்க ஆசைப்பட்டு, தினமும் இரவு நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். அகிம்சை ஓரளவு கைகூடிவிட்டது. வீட்டில் நான் குரலை உயர்த்தி மாதக்கணக்காகிறது. (அப்பாவிடம் கண்டித்துச் சொல்ல வேண்டியதை இப்போது என் மனைவிதான் சொல்கிறாள். அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் வண்டிச் சாவியை வாங்கி வைத்ததும் அவள்தான். அதிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை.) பொருள் சேர்க்காமை என்கிற அபரிக்கிரகத்தில்தான் தடுமாறுகிறேன். புதிய பொருள்களை வாங்கும் ஆசை போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அபரிக்கிரகம் கிடக்கட்டும். கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் கேள்வியே அதுதான், உங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

அகிம்சை உங்களுக்குக் கைகூடவில்லை. கடுமையான வேலையை மனைவி தலையில் கட்டிவிட்டு நீங்கள் சாந்தமாக இருக்கிறீர்கள், அவ்வளவுதான். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி இதற்கு இடமே வைக்கவில்லை. அந்த நூலின் இரண்டாம் பகுதியான சாதன பாதத்தின் 34வது சூத்திரத்தைப் படியுங்கள். இம்சை முதலானவற்றைத் தானே செய்தாலும், பிறரைக் கொண்டு செய்வித்தாலும், பிறர் செய்வதற்கு உடன்பட்டாலும் எல்லாம் ஒரே கணக்கு என்கிறார். சாவியை வாங்கியது தவறில்லை. கண் தெரியாதவர் வண்டி ஓட்டக் கூடாது. அதை யார் வாங்கியிருக்க வேண்டும்?

அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ வருடம் தன் பையில் இருந்த சாவியை ஒரு முதியவர் நீட்டுகிறார். கை நடுங்கியிருக்கும். வாங்கிக்கொள்ளும் கை மருமகளுடையது. பெற்ற மகன் பக்கத்து அறையில் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான். அப்பாவின் பார்வையில் மகன் சாது, மருமகள் கொடுமைக்காரி. அந்த நல்ல பெயர் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் மனைவியிடமிருந்து எடுத்துக்கொண்டது. அஸ்தேயம், அதாவது திருடாமை என்று நோட்டில் எழுதும்போது இது நினைவுக்கு வரவில்லையா? "இது நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு" என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே, சத்தியமும் அங்கேயே போயிற்று. கேட்பவரை ஏமாற்றும் பேச்சு சத்தியமாகாது என்று யோக சூத்திரத்துக்கு உரை எழுதிய வியாசர் சொல்கிறார். ஏமாறட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பதையும் நான் அதே வரிசையில்தான் வைப்பேன்.

பதஞ்சலியின் அடுத்த சூத்திரத்தையும் பாருங்கள். அகிம்சையில் ஊன்றி நிற்பவர் முன்னிலையில் பகை விலகும் என்கிறது. உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கிறது? பகை இல்லாத இடத்தில் பகை வந்திருக்கிறது. இதைவிட வேறு பரீட்சை வேண்டுமா? திருமூலரும் இயமத்தில், அதாவது யமத்தில் நிற்பவனைக் "கொல்லான் பொய் கூறான் களவிலான்" என்று சொல்லத் தொடங்கி, "நடுச்செய்ய வல்லான்" என்பதையும் சேர்க்கிறார். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்று நியாயம் செய்ய வேண்டிய ஆள் நீங்கள்தான். நீங்களோ அந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்றவரிடம் கசப்பான வார்த்தையைச் சொல்வது பிள்ளையின் கடமை. அவர் தோளில் ஏறி வளர்ந்தவன் சொன்னால் அவருக்கு வலிக்கும், ஆனால் அவமானமாகத் தோன்றாது. வந்த பெண் சொன்னால் இரண்டும் சேர்ந்து வரும். உங்கள் மனைவியைப் போல வீட்டிலுள்ள எல்லாருக்காகவும் பொல்லாப்பைச் சுமக்கும் பெண்களிடமிருந்தும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. அவர்களுக்கு யோகா செய்ய நேரம் கிடைப்பதில்லை.

சரி, அபரிக்கிரகத்தைக் கேட்டீர்கள். வாங்கும் ஆசை சின்ன விஷயம், ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே பாதி போய்விடும். நீங்கள் யாருக்கும் ஒரு துளி கொடுக்காமல் சேர்த்து வைத்திருப்பது உங்கள் மன அமைதியை. முதலில் அதைக் கொஞ்சம் செலவழியுங்கள்.

இன்றைக்கே அப்பா முன்னால் போய் உட்காருங்கள், மனைவியும் கூட இருக்கட்டும். "சாவியை வாங்கினது நாங்க சேர்ந்து எடுத்த முடிவுதான்பா, அவள்மேல் கோபப்படாதீங்க" என்று சொல்லுங்கள். அவர் கத்துவார். உங்களுக்கும் கோபம் வரும், குரல் உயரலாம். உயர்ந்தால் உயரட்டும், எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். மனைவியிடம் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். அப்பா வெளியே போக வேண்டுமென்றால் இனி வண்டியில் யார் அழைத்துப் போவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். அது நீங்களாக இருக்க வேண்டும், காலைப் பயிற்சி தடைப்பட்டாலும் சரி.