கணினிக்கும் ரூட்டருக்கும் 600 விஏ யூபிஎஸ் போதுமா?

மதுரை செல்லூரில் வீடு. ஒரு கணினி, மானிட்டர், வைஃபை ரூட்டர் இருக்கின்றன, 600 விஏ யூபிஎஸ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் விஏ-வை (வோல்ட்-ஆம்பியர்) வாட் என்று நினைத்துவிடாதீர்கள். 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். உங்கள் கணினியும் மானிட்டரும் 150 வாட் இழுத்தால் கவலையில்லை.

தாங்குவது வேறு, நேரம் வேறு. உள்ளே இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. இழப்பு போக 15 நிமிடம் கிடைத்தாலே நல்லது. செய்த வேலையைச் சேமித்துவிட்டு அணைக்கத்தான் அது. பராமரிப்புக்காகப் பகலெல்லாம் கரண்ட் நிறுத்தும் நாளுக்கு இன்வெர்ட்டர்தான் வழி.

ரூட்டருக்குத் தனியாக மினி யூபிஎஸ் வாங்குங்கள், மணிக்கணக்கில் ஓடும். ரூட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட்டேஜும் மினி யூபிஎஸ் தரும் வோல்ட்டேஜும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லேசர் பிரிண்டரை இந்த யூபிஎஸ் எதிலும் மாட்டாதீர்கள்.

அப்புறம், நம்ம ஊர் வெயில். மேற்குச் சன்னலோரம் வைத்திருந்த என் யூபிஎஸ்ஸின் பேட்டரி ஒன்றரை வருடத்தில் வயிறு வீங்கி, கூட்டை விட்டு வெளியே வரவே மறுத்தது. புதியதைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, நிழல் மூலையில் வைத்திருக்கிறேன்.