பழைய ஜோக்ஜா (இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தா) வெள்ளிக் கிண்ணம் ஒன்று விலைக்கு வருகிறது. அடியில் '800' முத்திரை இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

அந்த முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 20-ஆம் நூற்றாண்டு ஜாவா வெள்ளியில் இருக்கும் '800', நெதர்லாந்தில் நடப்பது போல அதிகாரப்பூர்வச் சோதனைச்சாலை தரம் பார்த்துக் குத்தியது அல்ல. பட்டறைக்காரர் தாமே குத்திக்கொண்டது. ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்று அவர் சொல்கிறார், அவ்வளவுதான். பெரும்பாலான பட்டறைகள் நேர்மையாகவே குத்தின. ஆனால் பித்தளைமேல் வெள்ளி முலாம் பூசி அதே எண்ணைக் குத்த ஓர் அச்சு போதும்.

முதலில் கிண்ணத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். யோக்யகர்த்தாவை ஒட்டிய கோத்தாகெடேயின் அசல் வேலை, தகட்டை அரக்கில் பதித்து உளியால் தட்டி எழுப்பும் புடைப்பு வேலை. குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அந்த அரக்குக்கு ஜாவாவில் 'ஜாபுங்' என்று பெயர். வெளியே இலை எழும்பிய இடத்தில் உள்ளே பள்ளம் இருக்கவேண்டும், பள்ளத்தில் உளி முனையின் தடங்கள் தெரியவேண்டும். ஒரே கொடி நான்கு முறை சுற்றி வந்தால் நான்கும் சற்றே வேறுபடும். எல்லா இலையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்து, உள்பக்கம் வழவழவென்று இருந்தால் அது வார்ப்போ இயந்திர அச்சோ. வார்ப்பில் பூவின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், குழிகளில் மணல் போன்ற சொரசொரப்பு தெரியும். உட்புறம் தனித் தகடு வைத்து மூடிய கிண்ணங்களும் உண்டு என்பதால், உள்ளே வழவழப்பாக இருந்த உடனே போலி என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். விளிம்பில் இணைப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எடை. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம், பொருளின் கன அளவு. உலர்ந்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வரும். 800 வெள்ளி சுமார் 10.1, 925 சுமார் 10.4. பித்தளையும், வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வரும் பெரும்பாலும் 8.4 முதல் 8.8 வரை. 412 கிராம் கிண்ணம் 40.6 காட்டினால் நல்லது. 47 காட்டினால் விலகிவிடுங்கள். இந்தச் சோதனை கெடுவது காற்றால்தான். புடைப்புக் குழிகளில் குமிழ் ஒட்டினால் கன அளவு கூடி, நல்ல வெள்ளியும் மட்டமாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விடுங்கள், பொருளை அசைத்துக் குமிழைப் போக்குங்கள். மடித்த விளிம்பு, உள்ளீடற்ற கைப்பிடி, மரப்பிடி வைத்த தேநீர்க் குடம், கம்பி வேலை ஆகியவற்றுக்கு இந்த முறை ஒத்துவராது. காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், பித்தளையை விட்டுவிடும்.

'எக்ஸ்ரே எந்திரத்தில் காட்டினால் போதுமே' என்று யாராவது எழுதுவார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கும். ஜாவாவில் வேலை முடிந்த வெள்ளியைப் படிகாரத்தில் வேகவைத்து வெளுப்பாக்குவார்கள். மேல்தோலில் இருக்கும் செம்பு கரைந்து, கிட்டத்தட்ட சுத்த வெள்ளியே மேலே நிற்கும். ஆகவே 800 பொருள் 900-க்கு மேல் காட்டலாம், தடித்த முலாமும் அப்படியே காட்டலாம். காலடியின் உள்விளிம்பில் மயிரிழை அளவு அரத்தால் சுரண்டி அங்கே சோதிக்கச் சொல்லுங்கள். இதே காரணத்தால், தேய்ந்த மேடுகளில் நிறம் சற்று மங்கியிருப்பதை மட்டும் வைத்து முலாம் என்று ஒதுக்காதீர்கள். மஞ்சளோ செம்போ பளிச்சென்று தெரிந்தால்தான் முலாம்.

காலத்தைக் கணிக்க எழுத்துமுறை உதவும். ஊர்ப்பெயர் ரோமன் எழுத்தில் 'டி, ஜே' என்று சேர்ந்து தொடங்கினால் பெரும்பாலும் பழைய பொருள். 1972 எழுத்துச் சீர்திருத்தம்தான் 'டி, ஜே'-யை வெறும் 'ஜே' ஆக்கியது. 'ஒய்' என்று தொடங்கினால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'ஜே' மட்டும் இருந்தால் எதுவும் சொல்லமுடியாது, இன்றும் அப்படி எழுதுகிறார்கள். சிங்கமும் '2' என்ற எண்ணும் இருந்தால் அது நெதர்லாந்தில் 833 தரமாகச் சோதித்த முத்திரை. அங்கேயே செய்ததாகவும் இருக்கலாம், ஜாவாவிலிருந்து போய் அங்கே முத்திரை வாங்கியதாகவும் இருக்கலாம்.

எதைச் சேர்ப்பது என்று கேட்டால், 1930-களின் வேலையைத்தான் தயங்காமல் சொல்வேன். டச்சு ஆளுநரின் மனைவி முன்னின்று கைவினையை ஊக்குவித்த காலம் அது. பிரம்பானான், போரோபுதூர் கோயில்களின் தாமரையும் கொடியும் தேநீர்க் குடம், சிகரெட் பெட்டி, பழத்தட்டு போன்ற ஐரோப்பிய உருவங்களில் ஏறின. 1942-இல் ஜப்பானியர் நுழைந்ததோடு அந்த வாடிக்கை அறுந்தது. டச்சு மொழியில் பிரிவுபசாரப் பெயரும் தேதியும் பொறித்திருந்தால் அதைக் குறையாகப் பார்க்காதீர்கள். முத்திரையைவிட நம்பகமான காலச்சான்று அதுதான். அதைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடம் மெலிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் நெளியும்.

விற்பவர்கள் குழப்பும் இன்னொன்று: மேற்குச் சுமத்ராவின் கோத்தோகடாங் ஊரும் வெள்ளிக்குப் பேர்போனது. அங்கே சிறப்பு மெல்லிய கம்பி வேலை. கோத்தாகெடேயிலும் கம்பி வேலை உண்டு என்பதால் ஒரு ப்ரோச்சை வைத்து ஊர் சொல்ல நான் துணியமாட்டேன். கேழ்வரகு மணி போலப் பொடிக் குண்டுகள் நிறைந்திருந்தால் பாலியின் செலுக் ஊரை நினையுங்கள். நம் சென்னையின் 'சுவாமி' வெள்ளியையும் ஜாவா என்று விற்கிறார்கள். அதில் மாடங்களில் தெய்வ உருவங்கள் முழு உடலோடு எழும்பி நிற்கும். ஜோக்ஜாவில் கொடியும் இலையுமே அதிகம், உருவம் வந்தால் பெரும்பாலும் வயாங் எனும் ஜாவா நிழற்கூத்துப் பொம்மையின் பக்கவாட்டுத் தோற்றம்.

கேட்காததையும் சொல்கிறேன், மனது பொறுக்கவில்லை. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்தப் பாத்திரங்களை எடைக்கு வாங்கி உருக்குகிறார்கள். ஒரு தாமரைத் தட்டுக்குப் பின்னால் இருக்கும் கை உழைப்புக்கு அங்கே ஒரு பைசா மதிப்பில்லை. தப்பியதைத் திரவத்தில் முக்கிப் பளபளப்பாக்கி, குழிகளில் இருந்த கருமையைப் போக்கிவிடுகிறார்கள். அந்தக் கருமை போனால் கொடி தட்டையாகத் தெரியும். சோடாவும் அலுமினியத் தாளும் அதே கேட்டைத்தான் செய்யும். வெள்ளியைக் கழுவ ஜாவாவில் பூந்திக்கொட்டை வகைதான், பெயர் 'லெராக்'. அதன் நுரையும் மென்மையான தூரிகையும் போதும். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், கம்பளி மூன்றும் அருகில் வேண்டாம், கறுக்கும்.

உங்கள் கிண்ணத்துக்கு வருகிறேன். விற்பவரிடம் உள்பக்கம், முத்திரை (மிக அருகில் எடுத்தது), காலடி இணைப்பு, விளக்கின் முன் பிடித்த தோற்றம் என நான்கு படங்கள் கேளுங்கள். புடைப்பின் உச்சியில் தகடு மெலிந்து ஊசித்துளை விழுந்திருந்தால் கடைசிப் படத்தில் ஒளிப்புள்ளியாகத் தெரியும். இணைப்பில் சாம்பல் நிறத்தில் ஈயப் பற்று இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதை எடுத்துவிட்டு வெள்ளிப் பற்று வைப்பது சிரமமான வேலை. பொருள் இன்னும் இந்தோனேசியாவில் இருந்தால், 50 ஆண்டுக்கு மேற்பட்டவை 2010-இன் பண்பாட்டு மரபுச் சட்டத்துக்குள் வரக்கூடும். ஏற்றுமதி அனுமதி பற்றி எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் அனுப்புங்கள்.