அறைக்கு வெளியே நிற்கவும் பயிற்சி வேண்டும்

கேள்வி: குழந்தைகள் நலனுக்காக ஒரு சிறிய அமைப்பு நடத்துகிறேன். ஆபத்தில் இருக்கும் குழந்தையை யாரிடம் விடுவது என்று நாங்களே தீர்மானிக்காமல், குடும்பத்தைக் கூட்டி அவர்களையே முடிவெடுக்க வைக்கும் முறைக்கு மாறப்போகிறோம். எங்கள் சமூகப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி போதாதா? சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பதுதானே?

பதில்: உட்காரவைப்பது கடைசி வேலை. இந்த முறை முதலில் சட்டமானது நியூசிலாந்தில், 1989இல். அரசாங்கம் எங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் யார் யார் வீட்டிலோ வளர்க்கிறது, எங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வெகுகாலம் குமுறியதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தச் சட்டம் ஒருங்கிணைப்பாளர் என்று தனிப் பதவியையே உண்டாக்கியது. கேஸ் பார்ப்பவர் வேறு, கூட்டத்தை ஏற்பாடு செய்பவர் வேறு.

அந்த ஏற்பாட்டில்தான் வேலையே. கோப்பைத் திறந்தால் அம்மா பெயரும் ஒரு போன் நம்பரும் இருக்கும், அப்பா வழி உறவுகளைப் பெரும்பாலும் யாரும் தேடியே இருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, எதற்குக் கூடுகிறோம், எதை நீங்கள் முடிவு செய்யலாம், எதில் பேரம் கிடையாது (உதாரணமாக, குழந்தையை அடித்தவரோடு அது தனியே இருக்கக் கூடாது) என்று சொல்லி, பேசிக்கொள்ளாத அத்தையையும் பெரியப்பாவையும் ஒரே அறைக்கு வரச் சம்மதிக்க வைக்க வாரக்கணக்கில் ஆகும். குழந்தையிடமும் கேட்க வேண்டும். அதன் சார்பில் பேச, அதற்குப் பிடித்த ஒருவர் கூட்டத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, அறிக்கை. 'பராமரிப்பில் தொடர்ச்சியான புறக்கணிப்பு காணப்படுகிறது' என்று கேஸ் பார்ப்பவர் எழுதிக்கொண்டு வந்தால் பாட்டி என்ன செய்வார்? 'போன மாதம் மூன்று ராத்திரி நாலு வயதுக் குழந்தை வீட்டில் தனியாக இருந்தது' என்று சொன்னால், ராத்திரி நான் வந்து படுத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொல்ல வழி இருக்கிறது. இப்படி மாற்றி எழுத வைப்பதும் ஒருங்கிணைப்பாளர் பொறுப்புதான். பயிற்சியில் இதற்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கினாலும் தப்பில்லை.

ஆக, இரண்டு நாளில் முறையை விளக்கலாம். அப்புறம் அனுபவமுள்ள ஒருவர் நடத்துவதைக் கூட இருந்து பார்த்து, சேர்ந்து நடத்தி, தனியே நடத்தத் தொடங்கிய பிறகும் சிக்கலைச் சொல்லி யோசனை கேட்க ஒரு ஆள் இருந்தால்தான் கைவரும். அதற்குப் பணம் இல்லை என்றால் இப்போதைக்கு ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: பல வருடமாகக் கேஸ் பார்க்கிறேன். பேச வேண்டியதைப் பேசியதும் குடும்பத்தைத் தனியே விட்டு வெளியே போய்விட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். உள்ளே யாராவது மிரட்டி மற்றவர்களை அடக்கிவிட்டால்?

பதில்: உங்கள் பயத்தில் இரண்டு கலந்திருக்கிறது. நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள், அனுபவம் கூடக் கூட இது வரும். எடைபோட்டு, அறிவுரை சொல்லி, யாரும் பேசாவிட்டால் தானே பேசிப் பழகிவிட்ட தொழில் இது. பயிற்சியில் நீங்கள் குடும்பத்தில் ஒருவராக நடித்துப் பாருங்கள். சண்டை முடிந்து ஒரு வழிக்கு வரும் நேரத்தில் 'ஏதாவது உதவி வேண்டுமா' என்று ஒருவர் கதவைத் திறக்கட்டும். எல்லோரும் மறுபடி அதிகாரிக்கு முன் உட்கார்ந்திருக்கும் ஆட்களாக மாறிவிடுவீர்கள். கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருங்கள், கூப்பிடும்வரை வராதீர்கள்.

இரண்டாவது பயம் நியாயமானது. அதற்கு விடை தயாரிப்பில் இருக்கிறது. அடிபட்டவரைத் தனியே சந்தித்து, யார் இருந்தால் வாய் திறக்க முடியாது என்று கேட்க வேண்டும். அந்த நபரை வரவிடாமல், சொல்ல வேண்டியதைக் கடிதமாக வாங்கிக்கொள்ளலாம். அம்மாவோடு துணைக்கு ஒருவர் உட்காரலாம். நிறுத்தச் சொல்ல ஒரு சைகையும் பேசி வைத்துக்கொள்ளலாம். 1990களில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார் பகுதியில் ஜோன் பெனெல், கேல் பர்ஃபர்ட் இருவரும் வீட்டுவன்முறை இருந்த குடும்பங்களிலேயே இதை நடத்திப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமையும் தாய்மாருக்கு விழுந்த அடியும் குறைந்ததாகவே அவர்கள் கண்டார்கள். ஆனாலும் விசாரித்த பிறகு ஆபத்து என்று பட்டால் கூட்டத்தைத் தள்ளிவைக்கும் துணிச்சல் வேண்டும்.

கேள்வி: ஒருங்கிணைப்பாளர் சமூகப் பணி படித்தவராகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: இல்லை. நெதர்லாந்தில் இந்த முறையைப் பரப்பிய அமைப்பு, வேண்டுமென்றே இந்தத் துறையில் வேலை பார்க்காத சாதாரணக் குடிமக்களைப் பயிற்றுவித்து ஒருங்கிணைப்பாளர்களாக்கியது. மேலே சொன்ன பழக்கங்களை மறக்க வைக்கும் சிரமம் அவர்களிடம் இல்லை. படித்தவர்களுக்குக் கற்றுக்கொள்வதைவிட கைவிட வேண்டியது அதிகம். ஆனால் ஆபத்தின் அறிகுறிகளை அவர்கள் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். யாரை எடுத்தாலும் அந்தக் குழந்தையின் கேஸ் அவர் கையில் இருக்கக் கூடாது, என் வரையில் இது கட்டாயம்.

கேள்வி: பலன் உண்டா? ஒரு வரியில் சொல்லுங்கள்.

பதில்: ஒரு வரியில் முடியாது. இங்கிலாந்தில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே இந்தக் கூட்டத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில், ஒரு வருடம் கழித்து அரசுப் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் சுமார் 36 சதவீதம். அனுப்பப்படாதவர்களில் சுமார் 45. ஆனால் ஸ்வீடனில் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டம் நடந்த குழந்தைகளைப் பற்றித்தான் மறுபடி அதிகப் புகார் வந்திருந்தது. உறவினர்கள் கண்காணிக்கத் தொடங்கியதால் புகார் கூடியதா, நிஜமாகவே நிலைமை மோசமா என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: குடும்பம் போட்டுக்கொண்டு வந்த திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்களுக்குப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. குழந்தை பாதுகாப்பாக இருக்குமா, பேரம் கிடையாது என்று முதலிலேயே சொன்னவை மீறப்படுகின்றனவா, இவ்வளவுதான் கேள்வி. மீறினால் எந்த இடத்தில் என்று காட்டித் திரும்பப் பேசச் சொல்லுங்கள், நீங்களே திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று மட்டும் இருந்தால் விடாமல் கேளுங்கள். எந்தக் கிழமை யார், அவருக்கு முடியாமல் போனால் யார், உங்கள் அலுவலகம் என்ன தரும், எப்போதிலிருந்து தரும், எல்லாம் காகிதத்தில் வரட்டும். நல்ல திட்டங்கள் பல, குடும்பம் சொன்னதைச் செய்து அலுவலகம் சொன்னதைச் செய்யாததால் கவிழ்கின்றன. மறுபரிசீலனைக் கூட்டத்துக்கான தேதியை, மூன்று மாதத்துக்குள், எல்லோரும் அறையில் இருக்கும்போதே குறித்துவிடுங்கள்.